பீட்ரூட் நெய்யில் கரையாது

சித்தி ஊரிலிருந்து வந்தால் பெட்டியைத் திறப்பதே எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். போன பிப்ரவரியில் முறுக்குக்கும் நார்த்தங்காய்க்கும் நடுவிலிருந்து, துணியில் சுற்றிய ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா வந்தது. “ஒதடு ஏண்டி இப்படி வெடிச்சுக் கெடக்கு? கண்ட கெமிக்கலையும் பூசினா இப்படித்தான். இந்தா, பீட்ரூட்டுச் சாறும் பசு நெய்யும். நானே கிளறினது. தடவு, ரோஸாவும் ஆகும், பளபளன்னும் இருக்கும்.”

டப்பாவைத் திறந்தேன். பெங்களூருவின் காலைக் குளிரில் நெய் மணல் மணலாக உறைந்திருந்தது. அதனூடே கடுகளவும் குண்டூசித் தலையளவுமாகக் கருஞ்சிவப்புத் துளிகள், தாமரை இலைத் தண்ணீராக ஒட்டாமல் நின்றன. விரலால் வழித்துத் தடவினேன். உதட்டில் நெய் ஏறியது, நிறம் ஏறவில்லை. நிறம் பல்லிலும் நகக்கண்ணிலும் ஏறியது. ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தபோது வந்த வாடையைப் பற்றிச் சித்தியிடம் இதுவரை மூச்சு விடவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளை அப்படி நம்பவைத்த பேச்சின்மேல்தான் கோபம். அலுவலகத்தில் கண்ணாடி முன்னால் நிற்கிற பெண்கள், ஹலசூரு கடைத்தெருவில் பேரம் பேசுகிற அம்மாக்கள், கைப்பேசியில் முப்பது நொடி அழகுக் குறிப்பு சொல்கிற பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். உதட்டுக்கு இயற்கைதான் நல்லது. கடையில் விற்கிற கலரும் மினுமினுப்பும் கெமிக்கல், வெறும் பகட்டு. ஒழுங்காகத் தண்ணீர் குடித்தால் எதுவும் பூச வேண்டாம். வேதியியலில் பட்டம் வாங்கியவர்களும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். இதில் ஒன்றுகூட சரியில்லை என்பது என் கட்சி. தண்ணீர்ப் பேச்சை முதலில் எடுக்கிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

காய்ச்சலில் கிடப்பவர், வயிற்றுப்போக்கில் துவண்டவர் கதை வேறு. மற்றபடி நம் உதடு வெடிப்பதற்கும் காலையில் எத்தனை டம்ளர் குடித்தோம் என்பதற்கும் பெரிய சம்பந்தமில்லை. முகத்தின் மற்ற இடங்களில் மேல்தோலின் இறந்த செல் அடுக்குகள் பத்துப் பதினைந்து இருக்கும். உதட்டின் சிவந்த பகுதியில் நாலைந்துதான். அங்கே வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் அநேகமாகக் கிடையாது. கூரையே மெல்லிசு, அதன்மேல் எண்ணெய் விடவும் ஆளில்லை. உள்ளே எவ்வளவு நீர் இருந்தாலும் கன்னத்தைவிட வேகமாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்துக்கு வைத்தியம் இன்னொரு குடம் தண்ணீர் இல்லையே.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் இந்த ஊர்க் காற்றைப் புகழ்ந்து மாளாது. கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறோம், வெயில் உறைப்பது தெரிவதில்லை, வியர்ப்பதில்லை. வியர்க்காததால் காற்று எவ்வளவு வறண்டிருக்கிறது என்பதும் தெரிவதில்லை. பிப்ரவரி, மார்ச் மதியங்களில் இங்கே ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. அதற்குமேல் வெளிவட்டச் சாலைக் கட்டடங்களில் எட்டு மணி நேரம் ஏசி. உதடு காய்ந்ததும் நாக்கு தானாக வெளியே வந்து நக்கிவிட்டுப் போகும். எச்சில் என்பது சோற்றைச் செரிக்க வைக்கிற திரவம். அது உதட்டில் பட்டு ஆவியாகும்போது முன்னைவிட அதிகமாக உலர்த்திவிட்டுப் போகிறது. இந்த வட்டத்தை உடைக்க மேலே ஒரு மூடாக்கு வேண்டும். வயலில் ஈரம் காக்க வைக்கோல் பரப்புவது எதற்கோ அதற்குத்தான்.

சரி, மூடாக்குக்கு நெய் போதாதா? கொஞ்ச நேரத்துக்குப் போதும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். 24 டிகிரி வாக்கில் உருகிவிடும் பொருள், 33 டிகிரிக்கு மேல் சூடுள்ள உதட்டில் எவ்வளவு நேரம் நிற்கும்? ஒரு காபி நேரம். நெய் தடவுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நெய்யை மருந்து என்றும் மற்றதை விஷம் என்றும் சொல்லும்போதுதான் ஆட்சேபணை வருகிறது.

இந்தக் ‘கெமிக்கல்’ என்ற சொல்லை வசவாக வீசும் உரிமை வேறு எந்த ஊருக்கு இருந்தாலும் பெங்களூருக்கு இல்லை. முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறவேண்டிய மைசூர்ச் சந்தனக் கட்டை விற்காமல் தேங்கியது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் அதிலிருந்து இங்கேயே எண்ணெய் வடித்துக் காட்டினார்கள். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேஸ்வரய்யாவும் 1916இல் தொழிலைத் தொடங்கி வைத்தார்கள். சோசலே கரளபுரி சாஸ்திரி சோப்பு செய்யும் வித்தை படிக்க இங்கிலாந்து போய்வந்தார். அப்படிப் பிறந்ததுதான் மைசூர் சாண்டல் சோப். சந்தனம் மரத்தில் விளைந்தது, வாஸ்தவம். எண்ணெயும் காரமும் சேர்ந்து நடக்கிற ரசாயன மாற்றம் இல்லாமல் சோப்பு ஏது? நூறு வருஷமாக அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு, உதட்டுக்கு வரும்போது மட்டும் ‘கெமிக்கலா?’ என்று முகம் சுளிப்பது என்ன நியாயம்?

அடுத்து, விளக்கெண்ணெய். மந்தமான ஆளைத் திட்ட நாம் வைத்திருக்கிற சொல். அந்த மந்தம்தான் உதட்டுக்கு வேண்டும். சட்டென்று வழியாது, சட்டென்று உறிஞ்சப்படாது, நிறமித் தூளைக் கட்டி தட்டாமல் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். லிப்ஸ்டிக் செய்கிறவர்கள் பல தலைமுறையாக இதைத்தான் அடித்தளமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் கைப்பையில் இருக்கும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். ‘ரிசினஸ் கம்யூனிஸ்’ என்று ஏதோ ரோமாபுரிக் கட்சிக்காரர் பெயர் மாதிரி அச்சிட்டிருந்தால் அது நம் ஆமணக்கு. உலகத்திலேயே அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்த அதே சாமான், பாரிஸ் பெயர் போட்ட குப்பியில் திரும்பி வரும்போது நமக்கு அடையாளம் தெரியாமல் போகிறது.

பெட்ரோலியம் ஜெல்லிக்குக் கெட்ட பெயர் இன்னும் அதிகம். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் அப்பிக்கொண்டிருந்த மெழுகுப் பசையைத் தொழிலாளிகள் காயத்துக்குப் போடுவதைப் பார்த்து, அதைச் சுத்தம் செய்து வாசலின் என்று 1872இல் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் செஸ்ப்ரோ. தோலிலிருந்து நீர் தப்பாமல் தடுப்பதில் இன்றும் தோல் மருத்துவர்கள் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்து வந்ததைவிட இயற்கையான பொருள் எது என்று சித்தியிடம் கேட்கலாம். ஆனால் அது குறும்பு வாதம். உண்மை இன்னும் சுவாரசியமானது. கிணற்றிலிருந்து வந்த நிலையில், இயற்கை கொடுத்தபடியே இருக்கும்போது, அதில் நிஜமாகவே கெட்ட சேர்மங்கள் உண்டு. ஆலையில் சுத்திகரித்த பிறகுதான் பச்சைக் குழந்தைக்குக்கூடப் பூசலாம் என்ற நிலைக்கு வருகிறது.

பீட்ரூட்டின் பிழைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் இந்தப் பேச்சின் முழு ஜாதகமும் இருக்கிறது. பீட்ரூட்டின் நிறத்துக்குப் பெட்டனின் என்று பெயர். அது தண்ணீரில் கரையும், கொழுப்பில் கரையாது. வெயில் பட்டால் வெளுக்கும், அடுப்பில் கிளறினால் பழுப்படிக்கும். சித்தி அரைமணி நேரம் கிளறியதில் பாதி நிறம் வாணலியிலேயே போயிருக்கும். மீதி நிறம், சாற்றின் சர்க்கரையோடும் ஈரத்தோடும் நெய்க்குள் சின்னச் சின்னக் குளங்களாக நின்றது. பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. ஆனால் சித்தியின் மாமியார் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார். கூந்தல் தைலம் காய்ச்சும்போது நாட்டு மருந்துக்கடையில் வேம்பாளம்பட்டை வாங்கித் தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுவார்; எண்ணெய் மாதுளைச் சிவப்பாக மாறும். ஏன் பீட்ரூட் போடவில்லை? எது எண்ணெயில் இறங்கும், எது தண்ணீரில் இறங்கும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. அந்தக் கைப்பழக்கத்துக்குப் பெயர்தான் வேதியியல். இன்று கைப்பேசியில் ‘பாட்டி வைத்தியம்’ என்று ஓடுகிற பாதிக்குப் பாட்டியும் தெரியாது, வைத்தியமும் தெரியாது.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. 2014 ஜனவரியில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் கிடைத்த 30 லிப்ஸ்டிக்குகளைச் சோதித்து, பாதியில் குரோமியம் இருப்பதாகச் சொன்னது. நிக்கலும் பலவற்றில் இருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. உதட்டில் பூசுவதில் கொஞ்சம் வயிற்றுக்குப் போகத்தான் செய்யும். ஆனால் இந்த உலோகங்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நிறமிகளோடு ஒட்டிவரும் அழுக்காக. மண்ணிலிருந்து தோண்டும் செங்காவிக்கும் அதே சந்தேகம் பொருந்தும். ‘மினரல்’, ‘ஹெர்பல்’ என்று மேலே எழுதிவிட்டால் உலோகம் எழுந்து வெளியே போய்விடாது. சோதித்தால்தான் தெரியும். நிறமிகளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்கையும் ஆர்செனிக் 2 பங்கையும் தாண்டக்கூடாது என்று நம் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. விற்பனைக்குத் தயாரிக்கிறவர் மாநில அரசின் உரிமம் வாங்க வேண்டும். உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, உட்பொருள் பட்டியல் எல்லாம் அட்டையில் இருக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், மண்சட்டி மாதிரி அழகான குப்பிகளில் ‘நூறு சதவீதம் நேச்சுரல்’ உதட்டுச் சாயம் வைத்திருந்த பையனிடம் உரிம எண் கேட்டேன். “ஹோம்மேட் அக்கா, இதுக்கெல்லாம் எதுக்கு நம்பரு?” என்று வெள்ளந்தியாகச் சிரித்தான். குப்பி 650 ரூபாய். பக்கத்து மருந்துக்கடையில் எண்ணும் தேதியும் அச்சிட்ட ட்யூப் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இருந்தது. அன்று அந்தச் சந்தையில் கூட்டம் யார் பக்கம் நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிச் சொல்வதால் கம்பெனிக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். ‘ஹைட்ரேட்டிங்’ என்று அவர்கள் அச்சடிக்கிற சொல்லும் அந்தத் தண்ணீர்ப் பேச்சும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். பெரும்பாலான லிப் பாமிலும் க்ளாஸிலும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. அவை ஈரத்தைத் தருவதில்லை, இருக்கிற ஈரத்தைப் பூட்டுகின்றன. இது தெரிந்தால் பயன்படுத்தும் முறையே மாறும். முகம் கழுவி, துண்டால் ஒற்றி, உதட்டில் ஈரப்பசை இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்து பொருக்கு தட்டிய உதட்டின்மேல் பூசுவது காலி வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு போடுகிற கதை.

புதினா, மெந்தால் சேர்த்த ட்யூபின் ஜில்லென்ற உணர்ச்சியும் இதே ரகம்தான். குளிர்ச்சியை உணரும் நரம்பை மெந்தால் சீண்டுகிறது, அவ்வளவே. ஈரம் ஒரு துளி கூடவில்லை. எரிச்சலில் இன்னும் நக்குவோம், இன்னும் காயும். இலவங்கப்பட்டை சேர்த்து உதட்டைப் ‘புசுபுசு’வாக்குவதாகச் சொல்வதும், வாசனைக்கென்று சேர்க்கும் இயற்கை எண்ணெய்களும் பலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. வாசனையே இல்லாத, சுவையே இல்லாத சப்பென்ற ட்யூபைத்தான் நான் வாங்குவேன். கடைக்காரப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள்.

பூசுபவரின் உதட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் என்று விற்கிற மாயக் குச்சியும் புதிதில்லை. திருவிழாக் கடைகளில் பச்சை நிறத்தில் விற்று, உதட்டில் பட்டதும் ரோஸாகிற அந்தக் குச்சிதான் இப்போது கண்ணாடிக் குழாய்க்கு மாறியிருக்கிறது. ஈயோசின் வகைச் சாயம். உதட்டின் ஈரமும் அமிலத்தன்மையும் பட்டதும் நிறம் காட்டும். உங்களுக்கும் ரோஸ், எனக்கும் ரோஸ், எதிர்வீட்டு ஆண்ட்டிக்கும் ரோஸ்.

நிறம் என்றதும் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடத்துக்கு வந்துவிட்டேன். நம் பெண்களில் பலருக்கு உதட்டின் ஓரம் கருத்தும் நடு வெளுத்தும் இருக்கும். தோலில் நிறமி அதிகமுள்ளவர்களுக்கு இது சாதாரணம். இதை நோயாக்கி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் போட்டுத் தேய்க்கச் சொல்கிற இயற்கைக் கூட்டத்தைத்தான் முதலில் நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டும். எலுமிச்சையில் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடுகிற பொருள் இருக்கிறது. அந்தச் சாறு பட்ட தோலோடு மதிய வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிப்போனால் எரியும், கொப்புளிக்கும், ஆறிய பிறகு அங்கே முன்னைவிடக் கருப்பான தடம் நிற்கும். சர்க்கரைப் பரல் ஏற்கெனவே மெலிந்த கூரையை இன்னும் சுரண்டிவிடும். கருப்பை வெளுக்கப் போய் இன்னும் கருப்பாகி வந்தவர்களிடம் ‘விடாமல் தேய்’ என்று அடுத்த குறிப்பு சொல்வார்கள்.

நிறம் பூசுகிற ட்யூப், அந்தக் கருப்போடு சண்டைக்குப் போகாமல் அதன்மேல் தன் சாயலைப் போடுகிறது. ஆனால் எல்லா ட்யூபும் அப்படியில்லை. வெளிர்த் தோலுக்கென்று செய்த பால்ரோஸ் நிறங்களில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளைத் தூள் தாராளமாக இருக்கும். நம் உதட்டில் அது திருநீறு பூசினது போல நிற்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. புறங்கையில் தேய்த்துப் பார்க்காமல், உதட்டின் நிறத்துக்குக் கிட்டத்தில் வருகிற விரல் நுனியின் உட்புறத்தில் மெல்லிசாகத் தேயுங்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடையின் வெள்ளை விளக்கை நம்பாமல் வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். கலர் கண்ணாடித் துண்டு மாதிரி அடித்தோல் தெரிந்தால் எடுங்கள், பால் கலந்த மாதிரி மங்கினால் வைத்துவிடுங்கள். செங்கல், நாவல்பழம், கருப்பட்டி, பழுத்த மாதுளை ஆகியவை நம்மிடம் தோற்றதில்லை.

டெஸ்டரை நேராக உதட்டில் வைப்பவர்களைப் பார்த்தால் மட்டும் நான் சித்தியின் கட்சிக்குத் தாவிவிடுவேன். பக்கத்து வீட்டு டம்ளரில் வாய் வைக்காத நாம், முன்பின் தெரியாத நூறு பேரின் எச்சில் பட்ட குச்சியை எப்படி வாயில் இழுத்துக்கொள்கிறோம்? உதட்டுக் கொப்புளம் பரப்பும் ஹெர்பீஸ் வைரஸுக்கு இதைவிட வசதியான பஸ் கிடையாது. எச்சில் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்தில் தோழிகளிடமும் விடக்கூடாது. இன்னொரு லாபமும் உண்டு. அண்ணாந்து குடிக்கப் பழகியவளுக்கு டம்ளர் விளிம்பில் சாயம் ஒட்டாது, உதட்டிலும் சாயம் போகாது.

மிச்சம் இருப்பது பகட்டு என்ற குற்றச்சாட்டு. பளபளப்பு வருவது எப்படி என்று பார்த்தால் இது பாதி கரைந்துவிடும். உதட்டில் நூறு வரிகள். ஒளி பட்டால் நாலா பக்கமும் சிதறும். எண்ணெய்ப் படலம் அந்த வரிகளை நிரவிவிட்டால் ஒளி ஒரே பக்கமாகத் திரும்புகிறது, மின்னுகிறது. அதாவது மினுமினுப்பு இருக்கும்வரை மூடாக்கு இருக்கிறது. மினுமினுப்பு மங்கினால் மூடாக்கு போய்விட்டது, மறுபடி தடவு. வெறும் வாசலினுக்கும் இந்த மினுமினுப்பு உண்டு, ஆனால் அதற்காகக் கண்ணாடி பார்ப்பவர் யார்? நிறம் இருந்தால் பார்ப்போம், பார்த்தால் மறுபடி தடவுவோம். வண்டியின் பெட்ரோல் முள்ளை யாரும் பகட்டு என்று சொல்வதில்லை. சில வருஷம் முன்பு எல்லோரும் பூசித் திரிந்த மேட் திரவச் சாயத்தில் இந்த முள்ளே கிடையாது. கரைப்பான் ஆவியாகி வறண்ட படலம் மட்டும் ஒட்டி நிற்கும். உதடு அடியில் வெடிப்பது மாலையில் கழுவும்போதுதான் தெரியும்.

மினுமினுப்பிலும் அளவு வேண்டும். பசை போல இழுக்கிற தடித்த க்ளாஸ் சில்க் போர்டு சந்திப்புக்கு ஆகாது. ஒரு சிக்னல் தாண்டுவதற்குள் புழுதியும் முன்முடியும் உதட்டில் குடியேறிவிடும். விரலில் தொட்டால் வழுக்க வேண்டும், ஒட்டக்கூடாது. மெல்லிய சாயம் வெயிலைத் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம்போலக் கூடும். நாம் கிட்டத்தட்ட அங்கேதான் குடியிருக்கிறோம். கீழுதடு நாள்பூரா வானத்தைப் பார்த்தே இருக்கிறது. அடியில் எஸ்.பி.எஃப் 30 உள்ள பாம், மேலே நிறம், இரண்டு மணி நேரத்துக்கொருமுறை மறுபடி. மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, கீழுதட்டில் சொரசொரப்பான வெள்ளைத் தடிப்போ இருந்தால் ட்யூபும் வேண்டாம், நெய்யும் வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

இதையெல்லாம் போன வாரம் போனில் சித்தியிடம் சொன்னேன், அந்த வாடையைத் தவிர. பொறுமையாகக் கேட்டாள். “பீட்ரூட்டு நெய்யில கரையாதுங்கற, அவ்வளவுதானே? கேரட்ல பண்ணி அனுப்பறேன்” என்றாள். கேரட்டின் நிறம் கொழுப்பில் கரையும் சாதி. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டப்பா நேற்று வந்தது. துளி இல்லை, குளம் இல்லை, ஒரே சீரான நிறம். தடவிக்கொண்டு அலுவலகம் போனேன். மஞ்சள் காமாலை எப்போதிலிருந்து என்று பக்கத்து இருக்கைக்காரி கேட்டாள்.